மெய்நிகர் உலகமும் நோயாளி – சிகிச்சையாளர் உறவும்: ஒரு சமூகவியல் நோக்கு

மருத்துவத்துறையிற் புதிய கருவியொன்று அறிமுகமாகும்போது அதனைப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் இருவகைப்பட்டதாக அமைந்து விடுகின்றது. ஒரு சாரார் அதனை மானுடத் துயரனைத்துக்கும் விடிவாகக் கொண்டாடுவர். மறு சாரார் அதனை மனிதப் பண்புகளின் அழிவுக்கு அறிகுறியாகக் கண்டு அஞ்சுவர். ஆழ்ந்து நோக்குமிடத்து இவ்விரு நிலைப்பாடுகளும் ஒரே தவறின் இரு முகங்களே என்பது புலனாகும். இரு சாராரும் கருவியைக் கருவியாக மாத்திரமே காண்கின்றனர். அது எத்தகைய மனித உறவுகளுக்குள்ளே இயங்குகின்றது, அவ்வுறவுகளை எவ்வாறு மாற்றுகின்றது, அம்மாற்றத்தால் நன்மை பெறுவோர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பத் தவறுகின்றனர். கடந்த முப்பது ஆண்டுகளாகப் புனர்வாழ்வுச் சிகிச்சையிற் பயன்பட்டுவரும் மெய்நிகர்த் தொழில்நுட்பத்தை இவ்வினாக்களின் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 'புனர்வாழ்வு' என்னும் சொல் எமது நாட்டில் வேறு பொருட்சாயல்களையும் பெற்றுவிட்டது. இங்கு நாம் அதனை மருத்துவப் பொருளிலேயே கையாளுகின்றோம்.

இலக்கிய மாணவர்க்கு இதில் என்ன அக்கறை என வினவப்படலாம். போன்மையாக்கம், ஒத்துணர்வு, மெய்போலத் தோன்றும் பொய்மை ஆகியன நாடகவியலின் அடிப்படைப் பிரச்சினைகள். 'மெய்நிகர் உண்மை' என்னும் பொருள்பட்ட தொடரைப் பிரெஞ்சு நாடகச் சிந்தனையாளரான அந்தோனின் ஆர்த்தோ 1938இல் வெளிவந்த தமது நூலில் அரங்கினைக் குறித்தே வழங்கினார். கணினித்துறையினர் அத்தொடரைப் பரவலாகக் கையாளத் தொடங்கியது 1980களின் பிற்பகுதியிலாகும். ஐவன் சதர்லாண்ட் 1968இலேயே தலையில் அணியும் காட்சிக் கருவியொன்றை உருவாக்கியிருந்தார். அத்தகைய கருவியை அணிந்தவர் தலையைத் திருப்பும் திசைக்கேற்பக் கணினி காட்சியை மாற்றிக் கொடுக்க, தாம் வேறோர் இடத்தில் நிற்பதான உணர்வு அவருக்கு ஏற்படுகின்றது. அரங்கிலே பார்வையாளன் மேடைக்கு வெளியே அமர்ந்திருக்கின்றான். இங்கோ அவன் மேடையினுள்ளேயே நிறுத்தப்படுகின்றான். ஆகவே, காலங்காலமாக அரங்கினை நோக்கி நாம் எழுப்பிவந்த வினாக்களை இக்கருவியை நோக்கியும் எழுப்புதல் பொருத்தமுடையதே.

1. சிகிச்சை ஒரு கூட்டு உழைப்பு

முதற்கண், நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் இடையிலான உறவின் தன்மையை வரையறுத்துக் கொள்ளல் வேண்டும். சத்திரசிகிச்சையின்போது நோயாளி மயக்கநிலையிற் கிடக்க, வைத்தியர் செயற்படுகின்றார். புனர்வாழ்வுச் சிகிச்சையில் அது சாத்தியமில்லை. பாரிசவாதத்தால் வலக்கை செயலிழந்த ஒருவர் மீண்டும் கோப்பையைத் தூக்கப் பழகவேண்டுமாயின், அவரே ஆயிரக்கணக்கான தடவைகள் முயலவேண்டும். இயன்மருத்துவர் அவரது முழங்கையைத் தாங்குகின்றார். எவ்வளவு தாங்குவது, எப்போது தமது கையை விலக்கிக்கொள்வது என்பதை நோயாளியின் முகத்தையும் மூச்சையும் தசையின் இறுக்கத்தையும் கொண்டு கணந்தோறும் தீர்மானிக்கின்றார். உரிய வேளையிற் கையை விலக்கத் தெரிவதே இத்தொழிலின் நுட்பம். நோயாளி இங்கு உழைப்பின் பொருளாகவும் உழைப்பாளியாகவும் ஒருங்கே விளங்குகின்றார்.

1979இல் எட்வேட் போர்டின் என்னும் உளவியலாளர் இவ்வுறவினை மூன்று கூறுகளாகப் பகுத்துக் காட்டினார். இலக்கு பற்றிய இணக்கம், செய்யவேண்டிய பணி பற்றிய இணக்கம், இருவருக்குமிடையிலான பிணைப்பு என்பனவே அவையாகும். உளச்சிகிச்சையைக் கருத்திற்கொண்டு கூறப்பட்ட இப்பகுப்பு, பின்னர் உடற்சிகிச்சை பற்றிய ஆய்வுகளிலும் எடுத்தாளப்பட்டது. இம்மூன்றும் ஒன்றிலிருந்தொன்று பிரிக்கவியலாதவை. எனினும், இயந்திரம் இடையிற் புகும்போது இம்மூன்றும் ஒரே வகையிற் பாதிக்கப்படுவதில்லை. பணியினை இயந்திரம் எளிதில் ஏற்றுக்கொள்கின்றது. இலக்கினை அதனை ஆக்கியோர் முன்கூட்டியே எழுதிவிடுகின்றனர். பிணைப்பின் நிலை யாதென்பதே கேள்விக்குறியாகின்றது.

2. கண்ணாடிப் பெட்டியும் பனியுலகமும்

அவயவம் நீக்கப்பட்ட பின்னரும் அது உள்ளது போன்ற உணர்வும் வலியும் நீடிக்கும் நிலையை அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவயவமிழந்தோரைச் சிகிச்சித்த வெயர் மிற்செல் 'மாய அவயவம்' எனப் பெயரிட்டு 1871இல் விவரித்தார். அதன் பின்னர் நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் இவ்வலிக்குத் தக்க சிகிச்சை அரிதாகவே இருந்தது. 1990களில், தமிழ்நாட்டிற் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய வி. எஸ். இராமச்சந்திரன் மிக எளிய உபாயமொன்றை முன்வைத்தார். நிலைக்குத்தாக ஒரு கண்ணாடி பொருத்தப்பட்ட பெட்டியினுள் நோயாளி தமது முழுமையான கையை வைக்கின்றார். கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பம், இழந்த கை இருந்த இடத்திலேயே தோன்றுகின்றது. இருக்கும் கையை அசைக்க, இல்லாத கையும் அசைவதாகக் கண் காண்கின்றது; இறுகிக் கிடந்த மாயக் கை விரிவதாகச் சிலர் உணர்கின்றனர்; வலி தணிகின்றது. 2007இல் அமெரிக்க இராணுவ வைத்தியசாலையொன்றில் அவயவமிழந்த படையினர் 22 பேரிடம் மேற்கொள்ளப்பட்ட சிறு பரீட்சார்த்தமும் இம்முறையின் பயனைக் காட்டியது.

இன்று இதே தத்துவத்தைக் கொண்டு பெருஞ்செலவில் கணினிக் காட்சிகள் ஆக்கப்படுகின்றன. ஆயின் கண்ணாடிப் பெட்டியில் நாம் கவனிக்கவேண்டிய அம்சமொன்றுண்டு. அது பொய்த்தோற்றமே என்பதை நோயாளி நன்கறிவார். பெட்டியும் கண்ணாடியும் அவர் முன்னே வெளிப்படையாகக் கிடக்கின்றன. சிகிச்சையாளர் அருகிலிருந்து விளக்குகின்றார். இருவரும் சேர்ந்தே அந்தப் பொய்யை நடத்துகின்றனர். பொய்மை மறைக்கப்படாமலே பயன்தருகின்றது.

தீக்காய நோயாளரின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. காயத்தைக் கழுவிக் கட்டு மாற்றுதலும், இறுகும் தோலை நீட்டி மூட்டுகளை அசைத்தலும் நாள்தோறும் நிகழ வேண்டியவை. வலிநீக்கி மருந்துகள் கொடுக்கப்பட்டபோதும் அவ்வேளையில் எழும் வேதனை கொடியது. 1990களின் பிற்பகுதியில் சியாற்றில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்ரர் ஹொவ்மனும் டேவிட் பற்றர்சனும் இந்நோயாளருக்கென 'பனியுலகம்' என்னும் காட்சியை உருவாக்கினர். பனி படர்ந்த பள்ளத்தாக்கினூடே மிதந்து செல்லும் நோயாளி, எதிர்ப்படும் பனிமனிதர் மீதும் பென்குவின் பறவைகள் மீதும் பனியுருண்டைகளை எறிகின்றார். மனிதரது கவனம் வரையறைக்குட்பட்டது. வலியை உணர்தற்கும் கவனம் வேண்டும். அக்கவனத்தின் பெரும்பகுதியைப் பனியுலகம் கவர்ந்துகொள்ள, வலிக்கு எஞ்சுவது குறைகின்றது என்பதே இதன் அடிப்படை. நோயாளர் தெரிவித்த வலியளவு இதனாற் குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இப்பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. துன்பத்தைத் தணிக்கும் எதுவும் வரவேற்கத்தக்கதே. ஆயினும் இங்கு உறவில் நேரும் மாற்றம் மனங்கொள்ளத்தக்கது. தலையிற் கருவியை அணிந்த நோயாளி தமது காயத்தை மட்டுமன்றி, அக்காயத்தைத் தொடும் தாதியின் முகத்தையும் காண்பதில்லை. வேதனையை அளித்தேயாக வேண்டிய நிலையிலுள்ள பணியாளருக்கும் அது ஒருவகை ஆறுதலாகலாம். துடிப்பவரைக் கண்டுகொண்டே தொழிலாற்றும் மனச்சுமை குறைகின்றது. அதேவேளை, 'நிறுத்துங்கள்' என நோயாளி கண்ணாற் சொல்லும் வாய்ப்பும் குறைகின்றது. அப்போது பணியாளரின் காதும் கையும் முன்னையினும் விழிப்பாயிருத்தல் வேண்டும். கருவி உழைப்பை நீக்குவதில்லை. உழைப்பின் தன்மையையே மாற்றுகின்றது.

3. சீட்டாட்டம் கற்பிக்கும் பாடம்

பாரிசவாதத் துறையிலேயே இத்தொழில்நுட்பம் மிகுதியாகப் பரீட்சிக்கப்பட்டுள்ளது. கனடாவின் ரொறன்ரோவிலிருந்து குஸ்தாவோ சபோஸ்னிக் வழிநடத்திய ஆய்வொன்று 2016இல் வெளியாயிற்று. கனடா, ஆர்ஜென்ரீனா, பெரு, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளைச் சேர்ந்த 141 நோயாளர் இரு பிரிவினராக்கப்பட்டனர். வழமையான சிகிச்சையோடு, ஒரு பிரிவினர் நின்ரெண்டோ நிறுவனத்தின் 'வீ' விளையாட்டுக் கருவியைக் கொண்டு பயின்றனர். மற்றையோர் சீட்டாடினர், பிங்கோ ஆடினர், மரக்கட்டைகளை அடுக்கினர், பந்தெறிந்தனர். இரு வாரங்களில் ஒரு மணித்தியாலம் கொண்ட பத்து அமர்வுகள் இருசாராருக்கும் வழங்கப்பட்டன. ஈற்றில் இருசாராரின் கைத்தொழிற்பாடும் முன்னேறியிருந்தது. இரு பிரிவுகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

மறு ஆண்டில், 72 ஆய்வுகளையும் அவற்றிற் பங்குபற்றிய 2470 பேரையும் உள்ளடக்கிய கொக்ரேன் மீளாய்வும் இதற்கு இயைந்த முடிவையே தந்தது. வழமையான சிகிச்சைக்குப் பதிலீடாகக் கொள்ளும்போது மெய்நிகர்ப் பயிற்சி கைத்தொழிற்பாட்டில் மேலதிக நன்மை தருவதாகத் தெரியவில்லை. வழமையான சிகிச்சையோடு சேர்த்து வழங்கப்பட்டு, மொத்தப் பயிற்சி நேரம் கூடும்போதே நன்மை தென்பட்டது. பின்வந்த ஆய்வுகள் கைத்தொழிற்பாட்டிற் சிறிதளவு மேம்பாட்டைச் சுட்டியபோதும், அடிப்படை உண்மை மாறிவிடவில்லை. முயற்சியும் நேரமும் திரும்பத் திரும்பச் செய்தலுமே சிகிச்சையின் உயிர்நாடி.

சீட்டாட்டத்துக்கு மற்றொருவர் வேண்டும். எதிரே ஒருவர் அமர்ந்து, நோயாளியின் நடுங்கும் கை சீட்டினை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருக்கும் நேரம் ஊதியம் கொடுக்கப்படவேண்டிய உழைப்பு நேரமாகும். கருவியோ ஒருமுறை வாங்கப்பட்டபின் ஊதியம் கோருவதில்லை. சிகிச்சைப் பயன் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போதும் கருவி ஏன் முன்தள்ளப்படுகின்றது என்பதற்கான விடையை மருத்துவ நூல்களில் மட்டும் தேடுதல் போதாது; செலவுக் கணக்கேடுகளையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

4. நிழலற்ற சூரியன்

போரினால் ஏற்பட்ட மனவடுவைக் குணப்படுத்தும் முயற்சியில் இத்தொழில்நுட்பத்தின் சமூக வேர்கள் தெளிவாக வெளிப்படுகின்றன. 1990களின் பிற்பகுதியில் அற்லாண்டாவில் வியட்நாம் போரிற் பங்குகொண்ட முன்னாட் படையினருக்கென ஒரு காட்சியுலகம் ஆக்கப்பட்டது. ஈராக் ஆக்கிரமிப்பின் பின்னர், அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்தத்தோடு 1999இல் தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட நிலையமொன்றில் 'மெய்நிகர் ஈராக்' உருவானது. இராணுவப் பயிற்சியோடு தொடர்புற்றுப் பின்னர் விற்பனைக்கும் வந்த போர் விளையாட்டொன்றின் காட்சிக் கூறுகளே இதற்கு மூலப்பொருளாயின. போருக்கு அனுப்புவதற்கான பயிற்சிப் படிமங்களும் போரிலிருந்து மீண்டவரைக் குணப்படுத்துவதற்கான படிமங்களும் ஒரே பட்டறையிற் பிறந்தன.

இச்சிகிச்சையிற் படைவீரர் தமக்கு நேர்ந்ததை நிகழ்காலத்திற் சொல்லிக்கொண்டு செல்ல, சிகிச்சையாளர் கட்டுப்பாட்டுப் பலகையின் முன்னமர்ந்து அக்கதைக்கேற்பக் காட்சியை அமைக்கின்றார். பகல் இரவாகின்றது, வெடியோசை எழுகின்றது, இருக்கை அதிர்கின்றது, எரியும் இறப்பரின் நாற்றமும் பரவுகின்றது. செவிமடுப்பவராக இருந்த சிகிச்சையாளர் இங்கு அரங்க நெறியாளராகவும் மாறுகின்றார். கதையைத் தொடர்ந்து செல்லும் நெறியாளரா, கதைக்கு முன்னே செல்லும் நெறியாளரா என்பதிலேயே சிகிச்சையின் தகைமை தங்கியுள்ளது.

இதன் பயன் யாது? 162 படையினரிடம் மேற்கொள்ளப்பட்டு 2016இல் வெளியான ஆய்வொன்றில், கண்ணை மூடி நினைவுகூர்ந்து சொல்லும் வழமையான எதிர்கொள்ளற் சிகிச்சையும் மெய்நிகர்ச் சிகிச்சையும் ஒப்பிடப்பட்டன. சிகிச்சைக்குக் காத்திருந்தோரைவிட இருசாராரும் முன்னேறினர். எனினும் மூன்று மாதங்களின் பின்னரும் ஆறு மாதங்களின் பின்னரும் நோக்கியபோது, வழமையான முறையே மேம்பட்ட பயனைத் தந்திருந்தது. ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்க, சொல்பவரின் கற்பனையே காட்சியைப் படைக்கும் பழைய முறை தோற்றுவிடவில்லை. கதைசொல்லலின் ஆற்றலை அறிந்த இலக்கிய மாணவர்க்கு இது வியப்பளிக்காது.

ஜேர்மன் திரைப்படக் கலைஞர் ஹாருன் ஃபாரொக்கி 2009–2010 காலப்பகுதியில் ஆக்கிய 'தீவிர விளையாட்டுகள்' என்னும் நான்கு பகுதிப் படைப்பு இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. அதன் ஒரு பகுதியில், கருவியை அணிந்த ஒருவர் தம் தோழனின் சாவைத் தடுமாறித் தடுமாறி விவரிக்கின்றார். பார்ப்போர் நெஞ்சுருகுகின்றனர். ஈற்றிற் கைதட்டல் எழும்போதே அவர் நோயாளியல்லர், இம்முறையைப் பிற சிகிச்சையாளருக்கு விளக்குமுகமாக நடித்துக் காட்டியவர் என்பது தெரியவருகின்றது. மற்றொரு பகுதியில் ஃபாரொக்கி வேறோர் உண்மையை எடுத்துக்காட்டுகின்றார். போர்ப் பயிற்சிக்கான காட்சிகளிற் பொருள்களுக்கு நிழலுண்டு. சிகிச்சைக்கான காட்சிகளில் நிழலில்லை. பின்னையது மலிவான ஆக்கம். கொல்லப் பழக்குவதற்கு ஒதுக்கப்படும் பணம் குணப்படுத்துவதற்கு ஒதுக்கப்படுவதில்லை என்பதை இந்நிழலின்மை ஒன்றே புலப்படுத்திவிடுகின்றது. இவ்வுலகில் ஈராக்கிய மக்கள் பின்னணி உருவங்களாக நடமாடுகின்றனரேயன்றி, மனவடு உடைய மாந்தராக இடம்பெறவில்லை என்பதையும் நாம் சேர்த்து நோக்கவேண்டும். எவரது துன்பம் சிகிச்சைக்குரியதாகக் கணிக்கப்படுகின்றது என்பதும் ஓர் அரசியல் வினாவே.

5. சிகிச்சையாளர் இல்லாத சிகிச்சை

மேற்கூறியவற்றிலெல்லாம் மனிதச் சிகிச்சையாளர் ஒருவர் அருகிலிருந்தார். அவரையே நீக்கிவிடும் எண்ணமும் நெடுநாளையது. 1966இல் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்னும் கணினி நிரலை எழுதினார். எதிரிலிருப்பவர் தட்டச்சுச் செய்யும் சொற்களையே திருப்பி வினாவாக்கி, உளச்சிகிச்சையாளர் உரையாடுவதுபோல் அது பாவனை செய்தது. அதன் எளிய பொறிமுறையை அறிந்த அவரது செயலாளரே, தாம் அதனோடு தனியே உரையாடவேண்டுமெனக் கூறி வைசன்பாமை அறையை விட்டு வெளியேறும்படி கேட்டார். அதே காலத்தில் கெனத் கோல்பி என்னும் உளமருத்துவர், இத்தகைய முறையாற் கணினியொன்று ஒரு மணித்தியாலத்தில் நூற்றுக்கணக்கான நோயாளரைக் கையாளலாமென எதிர்வு கூறினார். வைசன்பாம் திகைப்புற்றார். 1976இல் எழுதிய நூலில், கணினியாற் செய்யமுடியுமா என்பதன்று, அதனிடம் ஒப்படைக்கத் தகுமா என்பதே வினாவென அவர் வாதிட்டார்.

இன்று அவ்வினா நடைமுறை வினாவாகிவிட்டது. 2018இல் ஒக்ஸ்போர்ட்டில் டானியல் ஃபிறீமன் குழுவினர் உயர அச்சமுடைய 100 பேரிடம் பரீட்சார்த்தமொன்றை நடத்தினர். காட்சியுலகினுள் தோன்றும் கணினி உருவமொன்றே ஆலோசகராக வழிநடத்தியது. அச்சம் பெரிதும் குறைந்தது. 2022இல் கடும் உளநோயுற்று வெளியுலகுக்குச் செல்ல அஞ்சிய 346 பேரிடம் இத்தகைய முறை பரீட்சிக்கப்பட்டபோதும், குறிப்பாக அச்சம் மிகுந்தோரிடம், பயன் தென்பட்டது. ஆயின் இரண்டாவதிற் சுகாதாரப் பணியாளர் ஒருவர் நோயாளியுடன் இருந்தார். மேலும், இவ்விரு ஆய்வுகளிலும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது வழமையான பராமரிப்பேயன்றி, இதே பணியைச் செய்யும் மனிதச் சிகிச்சையாளரன்று. சிகிச்சையாளர் கிடைக்காதவர்க்கு இயந்திரம் உதவும் என்பது இவற்றால் நிறுவப்படலாம்; சிகிச்சையாளர் தேவையில்லை என்பது நிறுவப்படவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதிலேயே வணிகத்தின் சாதுரியம் அடங்கியுள்ளது. 2021 நவம்பரில், நாட்பட்ட நாரிவலிக்கென வீட்டிலிருந்தே தனியே பயன்படுத்தும் மெய்நிகர்க் கருவியொன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. எட்டு வாரங்களுக்கு 56 அமர்வுகள். ஒவ்வொன்றும் 2 முதல் 16 நிமிடங்கள். நாரிவலிக்குக் காரணமான வேலைத்தலத்தைப் பற்றி எவரும் வினவாமலே அச்சிகிச்சை முடிந்துவிடக்கூடும்.

6. கருவியும் அதன் பயன்பாடும்

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் தொகுதியில், இயந்திரத்தையும் இயந்திரத்தின் முதலாளித்துவப் பயன்பாட்டையும் மார்க்ஸ் வேறுபடுத்திக் காட்டினார். உழைப்பு நேரத்தைக் குறைக்கவல்ல இயந்திரம், மூலதனத்தின் கையில் உழைப்பாளியின் சுமையை மிகுவிக்கும் சாதனமாகின்றது. கைத்தொழிலிற் கருவியை ஆண்ட உழைப்பாளி, தொழிற்சாலையில் இயந்திரத்தின் பின்னொட்டாகின்றான். 1974இல் ஹரி பிறேவர்மன் இதனை விரித்து, சிந்திப்போரும் செய்வோரும் பிரிக்கப்படும்போது தொழிற்றிறன் சிதைக்கப்படுவதை விளக்கினார். சிகிச்சையின் இலக்கையும் வரிசையையும் தொலைவிலுள்ள நிறுவனமொன்று நிரலாக எழுதிவிட, சிகிச்சையாளர் கருவியை மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்துபவராக ஆகும் நிலை இதனின்றும் வேறுபட்டதன்று. அவ்வாறாயின், நோயாளியும் தம் உடலை மீட்டெடுக்கும் உழைப்பாளி என்னும் நிலையிலிருந்து நீங்கிக் காட்சியை நுகர்பவராகின்றார். இருவரும் ஒருங்கே அந்நியமாகின்றனர்.

ஆகவே, கருவியைப் புறக்கணிப்பது தீர்வன்று. அதனை எவ்விதிகளின்கீழ் ஏற்பது என்பதே பிரச்சினை. பிறெக்ற் தமது அரங்கிற் பார்வையாளன் மயங்கிக் கரைந்துபோவதை விரும்பவில்லை. அவன் விளக்குகளைக் காணவேண்டும், இது ஆக்கப்பட்டது என்பதையும் ஆதலால் மாற்றப்படக்கூடியது என்பதையும் உணரவேண்டும் என்றார். தீக்காயக் கட்டு மாற்றப்படும் வேளையில் மயக்கம் கருணையாகலாம். ஆயின் நோயாளி மீண்டும் நடக்கவும் உழைக்கவும் பிறரோடு வாழவும் வேண்டிய இடம் இவ்வுலகமே. கருவியைக் கழற்றிய பின்னர் நிகழும் உரையாடலே, அதனுள்ளே நிகழ்ந்ததை வாழ்வோடு இணைக்கின்றது. அவ்வுரையாடலுக்கு நேரமும் மனிதரும் இல்லாதவிடத்து எத்துணை நேர்த்தியான காட்சியும் நிழலற்றதே.

போரினால் அவயவமிழந்தோர் பலர் வாழும் எமது நாட்டில் இவ்வினா தொலைதூர நாடுகளின் புதுமை பற்றியதன்று. நாளை இத்தகைய கருவிகள் எமது வைத்தியசாலைகளுக்கும் வரும். வரும்போது நாம் கேட்கவேண்டியவை மூன்று. இதனால் மிச்சமாகும் நேரம் நோயாளிக்குத் திருப்பிக் கொடுக்கப்படுமா, அல்லது ஆட்குறைப்புக்குக் காரணமாகுமா? இலக்கினைத் தீர்மானிப்பதில் நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் குரல் உண்டா? ஒரு கண்ணாடியும் அருகிலமர ஒரு மனிதரும் போதுமானவிடத்து விலையுயர்ந்த கருவி ஏன்? தாங்கும் கை உரிய வேளையில் விலகவேண்டும் என்றோம். நோயாளி தம் வலுவில் நிற்கத் தொடங்கியமையால் விலகும் கை வேறு. ஊதியச் செலவைக் குறைக்கும் பொருட்டு விலக்கப்படும் கை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவது மருத்துவத் துறையினருக்கு மட்டுமுரிய கடமையன்று; சமூக அக்கறையுள்ள அனைவரதும் கடமையாகும்.